போகும் உரிமையும் இருக்கும் உரிமையும்

“பிடித்தால் இரு; பிடிக்காவிட்டால் போ!” செல்வர் நாவில் எளிதிற் பிறக்கும் சொல் இது. உரிமையின் உச்சமே இதுதான் என்று எண்ணுவோரும் உளர். அமெரிக்க நாட்டிலே இச்சொல் படும் பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

பொன் தேடி மக்கள் ஓடிய பூமி கலிபோர்னியா. 1850-இல் மாநிலமான அந்நாடு வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டேயிருந்தது. இன்றோ, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அங்கிருந்து டெக்சாஸ், அரிசோனா, நெவாடா எனச் செலவு குறைந்த மாநிலங்களை நாடிப் பெயர்கின்றனர். வளர்ச்சி குன்றியதால், 2020 குடிக்கணக்கிற்குப் பின், தன் வரலாற்றிலேயே முதன்முறையாக அம்மாநிலம் நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடத்தை இழந்தது. 53 இடங்கள் 52 ஆயின. டெக்சாசோ இரண்டு இடங்கள் கூடப் பெற்று 38-ஐ எட்டிற்று.

ஏன் போகின்றனர்? வேலைக்காகவும் உறவுக்காகவும் போவோர் உண்டு. ஆனால், வாடகைக்கு அஞ்சிப் போவோர் எத்தனை பேர்! பாடம் சொல்லும் ஆசிரியர், நோயாளியைத் தாங்கும் செவிலி, விருந்து சமைக்கும் தொழிலாளி, இவர்தம் உழைப்பு நகருக்கு வேண்டும். இவர்கள் உறங்க ஓரிடம் மட்டும் அந்நகரில் இல்லை!

“விரும்பித்தானே போகிறார்கள்?” என்பர். கழுத்தை வாடகை நெரிக்கையில் எடுக்கும் முடிவா விருப்பம்? வெள்ளத்தில் தத்தளிப்பவன் கரை தேடுவதை உலாவுதல் என்போமா? வண்டிக்கூலிக்கும் புதுவீட்டு முன்பணத்திற்கும் வழியற்றவனோ போகவும் இயலாமல், காருக்குள்ளும் நடைபாதையிலும் உறங்குகிறான். இருக்கவும் பணம், போகவும் பணம் என்றால், உரிமை யாருடையது? பணத்தினுடையது!

“நிலம் குறைவு, நாடுவோர் மிகுதி, விலையேற்றம் இயற்கை” என்பர். இயற்கைதானா? ஆராய்வோம். 1916-இல் பெர்க்லி நகரம், சில பகுதிகளில் ஒரு மனையில் ஒரு குடும்பத்திற்கான வீடன்றி வேறு கூடாதென விதித்தது. பல நகரங்கள் அவ்வழி நடந்தன. நிறம் பார்த்துக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் செல்லாதென 1917-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், நிறத்தின் பெயரால் மூடமுடியாத கதவை விலையின் பெயரால் மூட முடிந்தது!

1978-இல் மக்கள் வாக்கால் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, கைமாறாத சொத்தின் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்கு மேல் உயரலாகாது என்றது. முதியோரை வரிச்சுமையினின்று அது காத்தது, மறுக்கவில்லை. ஆனால், பழைய உடைமையாளர் சிறுவரி செலுத்த, அதே தெருவில் அதே போன்ற வீட்டை இன்று வாங்கியவர் பன்மடங்கு செலுத்துகிறார். முன்னே வந்தவனுக்கு நிழல். பின்னே வந்தவனுக்கு வெயில்! இதுவா இயற்கை?

சரி, டெக்சாஸ் பொன்னுலகமா? மாநில வருமான வரி அங்கில்லை, உண்மை. ஆனால் சொத்து வரி கடுமை. சட்டப்படியான குறைந்த கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரே. மருத்துவக் காப்பீடு அற்றோரின் விகிதமும் நாட்டிலேயே அங்குதான் அதிகம். வந்தோர் பெருகவே ஆஸ்டின் நகரில் வாடகை ஏறிற்று. முன்பே வாழ்ந்த ஏழை ஊரின் ஓரத்திற்கு ஒதுங்கினான். துரத்தப்பட்டவன் வருகையால் இன்னொருவன் துரத்தப்பட்டான்! குற்றம் வந்தவனுடையதன்று. அந்நகரில் வீடுகள் ஏராளமாக எழும்பின. 2023 முதல் வாடகை இறங்கிற்று. வாடகை தலைவிதியன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

போகிறவனைக் கோழை என்று ஏசுவதும் தவறு. போக உரிமையுண்டே என்று பெருமை பேசுவதும் தவறு. இருக்க உரிமையுள்ளவன் புறப்பட்டால் அது பயணம். இருக்க வழியற்றவன் புறப்பட்டால் அது வெளியேற்றம். கையிற் கோலின்றி, கடுஞ்சொல்லின்றி நடக்கும் வெளியேற்றம்!

எனவே இளைஞனே, “கட்டுப்படியாகாவிட்டால் போகட்டுமே” என்று எவரேனும் சொல்லக் கேட்டால், ஒன்றைக் கேள்: அந்த விலையை விதித்தது யார்? மனிதன் என்று விடை வரும். மனிதன் விதித்ததை மனிதன் மாற்றலாம்!