இழந்த காலமும் காணாத திரைப்படங்களும்: சிறைமீண்டோர் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நெடுங்காலச் சிறைவாழ்விலிருந்து மீண்ட ஒருவர், தாம் உள்ளிருந்த ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் காண்கிறார் எனக் கொள்வோம். இருக்க வீடும் செய்யத் தொழிலும் உறுதிப்படாத நிலையில் இது வீண்பொழுது எனச் சிலர் கருதலாம். இழந்ததை மீட்டுக்கொள்ளும் முயற்சி எனச் சிலர் பரிவு கொள்ளலாம். இவ்விரு கருத்துகளும் அச்செயலின் உட்பொருளை முழுமையாக விளக்குவன அல்ல. சிறை ஒருவரிடமிருந்து எதனைக் கவர்கிறது, அதில் எது மீளும், எது மீளாது, மீளாததற்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினாக்களை இச்செயல்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படைப்பும் நிகழ்வும்

திரைப்படம் ஒரு படைப்பு. அதே வேளையில் அது ஒரு நிகழ்வுமாகும். படைப்பு சுருளிலோ வட்டிலோ பாதுகாக்கப்படுகிறது. எப்போது வேண்டுமாயினும் அதனைக் காணலாம். நிகழ்வின் தன்மை வேறு. 1975இல் வெளிவந்த 'ஷோலே' மும்பையின் மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் திரையிடப்பட்டது. அதன் உரையாடல்கள் தேநீர்க்கடையிலும் திருமண வீட்டிலும் பொதுமொழியாயின. வில்லனின் பெயரைச் சொன்ன அளவில் கூடியிருந்தோர் நகைத்தனர். அந்நகைப்பு படச்சுருளில் பதிவாகவில்லை. ஒருகாலத்தில் உடன்வாழ்ந்தோரிடையே மட்டும் அது நிலவியது. இதனை உடன்காலத்தன்மை எனலாம்.

பிற்காலத்தில் அப்படத்தைக் காண்பவர் கதையை அறிவார், பாடலைக் கேட்பார். ஆயின், 'அப்போது நீ எங்கிருந்தாய்?' என்னும் வினாவிற்கு அவரிடம் பிறரைப் போன்ற விடை இராது. எனவே, காணாத படங்களைக் காண்பவர் கடந்த காலத்தை மீட்பதில்லை. பிறர் பேசும்போது வாய்மூடி நிற்கவேண்டாத நிலையையே தேடுகிறார். இஃது உரையாடலில் மீண்டும் இடம்பெறும் முயற்சியாகும்.

காலந்தாழ்ந்த நீர்

உரிய காலத்தில் கிட்டாத பொருள், பின்னர்க் கிட்டும்போது அதே பொருளாக இருப்பதில்லை என்பதைத் தமிழ் மரபு நன்குணர்ந்திருந்தது. புறநானூற்றின் 74ஆம் பாடல் குடவாயிற்கோட்டத்தில் சிறைப்பட்டிருந்த சேரமான் கணைக்காலிரும்பொறை பாடியது. அவன் நீர் வேண்டியபோது பெறாது, பின்னர்ப் பெற்று, உண்ணாது துஞ்சினான் என அதன் அடிக்குறிப்பு கூறும். பின்னர் வந்ததும் நீரே. எனினும் அவன் வேண்டியது அதுவன்று. செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் காலத்தோடு பொருந்திய உதவியை வள்ளுவர் தனியே எடுத்துரைப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இரு வழக்குகள்

ருதுல் சா என்பவர் 1968இல் நீதிமன்றத்தால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். எனினும் பீகார்ச் சிறையிலிருந்து அவர் வெளிவந்தது 1982இல்தான். நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிய ஆண்டும் அதுவே. 'ஷோலே' வெளிவந்து ஓடி முடிந்த காலம் முழுவதும், சட்டப்படி விடுதலை பெற்ற அவர் சிறைக்குள் இருந்தார். 1983இல் உச்சநீதிமன்றம் அவருக்கு முப்பதாயிரம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அத்தொகை துயர்தணிப்பு நோக்கினது என்றும், முழு இழப்பீடு கோரி வழக்குத் தொடர அது தடையாகாது என்றும் கருதியது. பதினான்கு ஆண்டுகளுக்கு ஈடான தொகையாக அதனை நீதிமன்றமே கொள்ளவில்லை என்பது இதனால் புலனாகும்.

தில்லியைச் சேர்ந்த முகமது ஆமிர் கான் 1998இல், இருபது வயதளவில், குண்டுவெடிப்பு வழக்குகளில் கைதுசெய்யப்பட்டார். பெரும்பாலான வழக்குகளில் விடுவிக்கப்பட்டு, ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்குப் பின் 2012இல் வெளிவந்தார். அவர் சிறையிலிருந்தபோதே தந்தை இறந்தார். அதே பெயர்கொண்ட நடிகரின் 'லகான்' (2001), 'ரங் தே பசந்தி' (2006), '3 இடியட்ஸ்' (2009) ஆகிய படங்கள் நாடெங்கும் பேசப்பட்ட ஆண்டுகள் அவையே. அப்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன; தந்தையின் இறுதிநாட்கள் கிடைப்பதில்லை. மீட்கத்தக்க இழப்பு, மீட்க இயலாத இழப்பு ஆகியவற்றின் எல்லை இவ்விடத்தில் தெளிவாகிறது. மீட்கத்தக்கதை ஒருவர் ஆர்வத்துடன் மீட்க முனைவது, மீட்க இயலாததை அவர் மறந்துவிட்டார் என்பதற்குச் சான்றாகாது.

மறுப்பும் விடையும்

இங்கு இரு மறுப்புகள் எழும். வறுமையாலும் நோயாலும் அயல்நாட்டுப் பணியாலும் படங்களைக் காணாதோர் பலராவர். சிறைமீண்டோர்க்கு மட்டும் தனிச்சிறப்பு யாது என்பது முதலாவது. அவர்தம் இழப்பும் இழப்பே. ஆயின், சிறையிருந்தவரின் காலத்தை அரசு தன் ஆணையால் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவர் இன்னார் என அறியப்படும் இடத்தில் பொறுப்பும் உடன்தோன்றும்.

இரண்டாவது மறுப்பு வலியது. கொலையுண்டவர் இனி எப்படத்தையும் காணப்போவதில்லை. அவ்வாறிருக்கக் கொன்றவரின் இழப்பைப் பேசுதல் முறையா? இதனை எளிதில் ஒதுக்குதல் இயலாது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர், இழந்த ஆண்டுகளைத் தமக்கு இழைக்கப்பட்ட தீங்கு எனக் கூற இயலாது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். எனினும் சட்டம் விதித்த தண்டனைக்கு ஓர் அளவுண்டு. அவ்வளவு நிறைவுற்றபின் அவர் சமூக உரையாடலில் மீள்வதைத் தடுத்தல், எந்நீதிமன்றமும் விதிக்காத மற்றொரு தண்டனையாகும். அதனால் இறந்தவருக்கு மீள்வதொன்றுமில்லை.

குற்றமற்றவரின் நிலை இதனினும் வேறானது. அவரைப் பொறுத்தவரை மீள்வழியைத் தடுத்தல் மட்டுமன்றி, இழப்பே அநீதியாகும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். ஆதலின் இவ்வேறுபாடு கோட்பாட்டளவில் நிற்பதன்று. தவறான வழக்குகளால் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீட்டுச் சட்டம் தேவை என இந்தியச் சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்ததும் இதுபற்றியே.

சிறையின் எல்லை

1965இல் பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி வழக்கில், தடுப்புக்காவலில் இருந்தவர் எழுதிய அறிவியல் நூலை வெளியீட்டிற்காக வெளியே அனுப்ப உச்சநீதிமன்றம் இசைவளித்தது. சிறை உடலை அடைக்கலாம். மனத்தின் தொடர்பைத் தேவையின்றி அறுத்தலாகாது என்னும் கொள்கை இதனுள் அடங்கியுள்ளது. உள்ளிருந்து ஒரு நூல் வெளிச்செல்லலாம் எனின், வெளியுலகின் நாளிதழும் நூலும் திரைப்படமும் உரிய காலத்தில் உள்வருதலும் அக்கொள்கைக்கு இயைந்ததேயாகும். அதனைச் சலுகையெனக் கருதுவோர், கைதி ஒருநாள் தம் தெருவிற்கே திரும்பவிருப்பவர் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

மணிமேகலைக் காப்பியம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய செயலை ஒரு தனிக்காதையாகவே அமைத்துள்ளது. மணிமேகலை அமுதசுரபி ஏந்தி அங்கிருந்தோரின் பசி தீர்க்கிறாள். அவர்கள் செய்த குற்றம் யாதென அவள் வினவவில்லை, பசியையே கண்டாள். பிறர் பேசுவதைத் தாமும் அறிந்திருக்க வேண்டும் என்பதும் மனிதரின் பசிகளுள் ஒன்றே. பழைய படமொன்றை முதன்முறை காணும் சிறைமீண்டவரின் அருகமர்ந்து, அது வெளிவந்த நாளில் ஊர் எவ்வாறிருந்தது என ஒருவர் எடுத்துரைப்பாராயின், இழந்த காலம் மீளாது. எனினும் அதன் நினைவில் அவருக்கும் ஒரு பங்கு கிட்டும். அப்பங்கினை அளித்தல் அரசின் கடமை மட்டுமன்று, உடன்வாழ்வோர் கடமையுமாகும்.