பால் வற்றிய பசுக்கள்

கடோபநிடதம் ஒரு யாகத்தில் தொடங்குகிறது. தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் தானம் கொடுப்பதாக வாஜசிரவஸ் சங்கல்பம் செய்திருக்கிறார். ஆனால் தானத்துக்கு வந்து நிற்கும் பசுக்கள் எல்லாமே கிழடு. பால் வற்றியவை, இனி கன்று ஈனாதவை. அவர் மகன், சின்னப் பையன் நசிகேதன், அதைப் பார்த்துச் சங்கடப்படுகிறான். சடங்கில் ஒரு பிழையும் இல்லை. கொடுப்பவருக்குப் பாரம் குறைகிறது, புண்ணியமும் சேர்கிறது. வாங்கிக்கொண்டு போகிறவனுக்குத்தான் அன்றிலிருந்து தீனிச் செலவு.

பழைய கார் ஏற்றுமதியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பையன் ஞாபகம் வருகிறான்.

ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2020ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2015 முதல் 2018 வரை ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், அமெரிக்கா மூன்றும் சேர்ந்து 1.4 கோடி பழைய கார்களையும் சிறு வாகனங்களையும் ஏற்றுமதி செய்திருக்கின்றன. அதில் சுமார் 80 சதவீதம் ஏழை நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் போனது. அதிகமாக வாங்கிய கண்டம் ஆப்பிரிக்கா. அதே ஆண்டு நெதர்லாந்தின் அரசு ஆய்வாளர்கள் தங்கள் துறைமுகங்கள் வழியாக ஆப்பிரிக்கா போகும் வண்டிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை 16 முதல் 20 வயதானவை. ஐரோப்பா 2005ல் கொண்டுவந்த யூரோ 4 தரத்தைக்கூட எட்டாதவை. சாலையில் ஓடத் தகுதியானது என்ற செல்லுபடியாகும் சான்றிதழ் பலவற்றுக்கு இல்லை. சிலவற்றில் கேட்டலிடிக் கன்வர்ட்டரையே கழற்றி எடுத்திருந்தார்கள்.

இதைப் படித்ததும் வரும் முதல் கோபம் எல்லாருக்கும் ஒன்றுதான். பணக்கார நாடு தன் குப்பையை ஏழை வீட்டு வாசலில் கொட்டுகிறது! கோபம் நியாயமானதுதான். ஆனால் வாங்குகிறவன் பக்கம் போய் நின்று பார்த்தால் அது கொஞ்சம் தடுமாறுகிறது.

பெனின் நாட்டின் கோட்டோனூ பெரிய பழைய கார் சந்தை. அங்கே இறங்கும் வண்டிகளில் பெரும்பகுதி எல்லை தாண்டி நைஜீரியாவுக்குப் போய்விடும். நைஜீரியாவில் இவற்றுக்கு ‘டோகுன்போ’ என்று பெயர். யொரூபா மொழியில் அது வெளிநாட்டில் பிறந்து ஊர் திரும்பிய பிள்ளைக்கு வைக்கும் பெயர். உள்ளூரில் ஓடித் தேய்ந்த வண்டியைவிட நல்ல ரோட்டில் ஓடி வந்த டோகுன்போ மேல் என்று தேடி வாங்குகிறார்கள். நாம் குப்பை என்று சொல்வதை அவர்கள் கடல் கடந்து வந்த பிள்ளை என்கிறார்கள். கானாவின் குமாசி நகரில் சுவாமே மேகசின் என்றொரு பகுதி இருக்கிறது. முழுக்க மெக்கானிக் பட்டறைகள். ஐரோப்பாவில் ‘ஆயுள் முடிந்தது’ என்று எழுதிய எஞ்சினை அங்கே பிரித்து, கடைந்து, மறுபடி ஓட வைத்துவிடுவார்கள். இந்த வண்டி இல்லையென்றால் அங்கே ஒருவருக்கு டாக்ஸி இல்லை, இன்னொருவருக்குச் சந்தைக்கு மூட்டை போகாது. ஒரு பொருளைக் கடைசிவரை பயன்படுத்துவது நாம் எல்லாரும் மெச்சும் குணமும்கூட.

சரி, அப்படின்னா தப்பு எங்கே?

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லையே. காசு கொடுத்து வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், அது அவன் உரிமை. விற்பவனும் வாங்குபவனும் சம்மதித்தால் மூன்றாவது ஆள் ஏன் பேச வேண்டும் என்பது வியாபாரத்தின் வலுவான வாதம். அதற்கான பதில் அந்த மூன்றாவது ஆளிடம்தான் இருக்கிறது. லாகோஸில் புகைக்கு நடுவே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எந்தப் பேரத்திலும் உட்காரவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி வரும்போது ரோட்டைக் கடக்கிறவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. வாங்கியவனின் சம்மதம் அவனுக்கு மட்டும்தான் செல்லும்.

அந்தக் கழற்றிய கன்வர்ட்டரை இங்கே வைத்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரியான ஒரு பீங்கான் கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு. எஞ்சினின் நச்சுப் புகையை வெளியே போகும் முன் மட்டுப்படுத்துவது அதன் வேலை. அந்த உலோகங்களுக்கு நல்ல விலை. அதனால்தான் கழற்றுகிறார்கள். வண்டிக்கு வயசாவது யார் குற்றமும் இல்லை. ஆனால் அடுத்தவர் நுரையீரலைக் காக்கும் ஒரே பாகத்தை எடுத்துக் காசாக்கிவிட்டு மிச்சத்தை விற்பது முதுமை அல்ல, ஒரு முடிவு.

கணக்கு எழுதுவதிலும் ஒரு வசதி இருக்கிறது. என் தொழிலில், ஒரு பக் நம் சர்வரிலிருந்து இன்னொருவர் சர்வருக்கு நகர்ந்துவிட்டால் ‘சரியாகிவிட்டது’ என்று டிக்கெட்டை மூடிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். பழைய டீசல் கப்பலேறியதும் அந்த நாட்டின் சாலை சுத்தமாகிறது, புள்ளிவிவரமும் அழகாகிறது. அதே எஞ்சின் இன்னும் பத்து வருஷம் வேறொரு வானத்தின் கீழே புகைவிடுவது யார் ஏட்டிலும் கழிவதில்லை.

இது வெள்ளைக்காரனின் குணம் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்பதை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன்பின் என்ஓசி வாங்கிக்கொண்டு எத்தனையோ வண்டிகள் வேறு மாநிலங்களுக்குப் போயின. டெல்லிக் காற்றுக்கு ஆகாத வண்டி இன்னொரு ஊர்க் காற்றுக்கு மட்டும் எப்படி ஆகும்?

வாங்கும் நாடுகள் கைகட்டி நிற்கவில்லை. கென்யா எட்டு வயதுக்கு மேற்பட்ட வண்டியை உள்ளே விடுவதில்லை. மொராக்கோவில் வரம்பு ஐந்து. ஆனால் வயசு ஒரு முரட்டு அளவுகோல். நன்றாகப் பராமரித்த 12 வயது வண்டி, கன்வர்ட்டர் இழந்த ஆறு வயது வண்டியைவிட மேல். பார்க்க வேண்டியது தகுதியை, அதையும் வண்டி கிளம்பும் இடத்திலேயே. ஓடத் தகுதியான வண்டி மட்டுமே வெளியே போகலாம் என்று 2023ல் ஐரோப்பிய ஆணையமும் முன்மொழிந்தது. நான் கேட்பதும் அவ்வளவுதான்: உன் தெருவில் ஓடத் தகுதியில்லாததை இன்னொருவன் தெருவுக்கு விற்காதே.

அப்படிச் செய்தால் விலை ஏறும், ஏழைக்கு எட்டாமல் போகும் என்பார்கள். ஏறும்தான். ஆனால் அந்த வித்தியாசத்தை இன்றைக்கும் யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், இருமலாக, உடைந்த காலாக. அந்தப் பில்லை ரோட்டோரம் நடந்து போகிறவர் கட்டுவதா, பிளாட்டினத்தைக் கழற்றி விற்றவர் கட்டுவதா என்பதுதான் கேள்வி.