அனுப்பாத மெசேஜும் நான்தானா?

போன மாதம் ஒரு நல்ல நண்பனை இழக்கப் பார்த்தேன். காரணம், நான் அனுப்பாத ஒரு மெசேஜ்.

நடந்தது இதுதான். ஒரு நிகழ்ச்சிக்கு நாற்காலி, மேசை ஏற்பாடெல்லாம் எங்கள் இருவர் பொறுப்பு. அன்று அவன் வரவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. தனியாகத் தூக்கிச் சுமந்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் குறிப்பு எழுதும் இடத்தைத் திறந்து மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவனை மட்டுமல்ல, வேலை இல்லாமல் இருந்த அவன் அப்பாவையும் சேர்த்துக் குத்தி எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். புலனத்தில் அனுப்ப மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவனே அழைத்து மன்னிப்புக் கேட்டான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். எழுதியதை அழிக்க மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு முகவரியைத் தேட என் கைப்பேசியை வாங்கியவன் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இதுதான்டா உன் உண்மையான மனசு. வெளிய சிரிச்சதெல்லாம் சும்மா."

"நான் அனுப்பலையே!"

"அனுப்பலன்னா நினைக்கலைன்னு ஆயிடுமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியோடு பல நாள் சுற்றினேன். கடைசியில் யோசிக்க ஒரு வழி கிடைத்தது, பள்ளி நாட்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து விளையாடிய சண்டை விளையாட்டுகளிலிருந்து!

நிண்டெண்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்' 2008-ல் வெளிவந்தது. கணினி தெரிந்த ரசிகர்கள் அந்த டிஸ்கின் உள்ளே தோண்டிப் பார்த்தபோது, விளையாட்டில் இல்லாத வீரர்களின் பெயர்கள் கிடைத்தன. மியூடூ, ராய், டாக்டர் மாரியோ, டிக்ஸி காங் என்று மொத்தம் ஏழு. யோசித்து, தொடங்கி, பிறகு கைவிட்டவை. அப்படியானால் ஏன் அழிக்கவில்லை? விளையாட்டுத் தயாரிப்பில் இது சகஜம். ஒரு நிரல் இன்னொன்றோடு பின்னிக் கிடக்கும். ஒன்றைப் பிடுங்கினால் வேறொன்று கெட்டுப்போகலாம். வெளியீட்டு நாளோ நெருங்கிவிடும். அதனால் பொருளை உள்ளேயே விட்டுவிட்டு, அதற்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிடுவார்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்த ஏழு பெயரைக் கண்டுபிடித்த ஒருவர், "இதுதான் உண்மையான பிரால், நாம் விளையாடியதெல்லாம் பொய்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா? மாட்டோம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ததும் அந்தத் தயாரிப்பாளர்கள்தானே! மனிதனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கோபத்தில் எழுதியவன் நான். படித்துப் பார்த்து, வேண்டாம் என்று நிறுத்தியவனும் நான். முதலாமவன் மட்டும் உண்மை, இரண்டாமவன் நடிகன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒளிந்து கிடப்பதைத் தப்பாகப் படிக்கும் ஆபத்தும் உண்டு. 1992-ல் வந்த 'மோர்ட்டல் கொம்பாட்' இயந்திரத்தைச் சோதிக்கும் திரையில் 'எர்மாக்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. நிரலில் ஏற்படும் பிழைகளை எண்ணும் கணக்கு அது, அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள், எர்மாக் என்று ஒரு சிவப்பு நிஞ்ஜா உள்ளே ஒளிந்திருக்கிறான் என்று நம்பிவிட்டார்கள். வதந்தி எவ்வளவு பெரிதானது என்றால், 1995-ல் 'அல்டிமேட் மோர்ட்டல் கொம்பாட் 3'-ல் தயாரிப்பாளர்களே எர்மாக்கை உண்மையான வீரனாகச் சேர்த்துவிட்டார்கள்! விளையாட்டில் இது சுவையான கதை. ஆனால் ஒருவருடைய அரை வரியைப் படமெடுத்து நாலு குழுவில் பரப்பி, அவருக்கு இல்லாத ஒரு முகத்தை நாமே செய்து ஒட்டினால்? அது சுவையான கதை இல்லை.

சரி, அப்படியென்றால் நான் தப்பித்துவிட்டேனா? அங்கேதான் எனக்கு உறுத்தியது.

வேறு வகை விளையாட்டு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் அண்ட்ரியாஸ்' விளையாட்டில் தயாரிப்பாளர்கள் கைவிட்ட ஓர் ஆபாசப் பகுதி உள்ளேயே கிடந்தது. 2005-ல் ஒரு ரசிகர் எழுதிய சிறு நிரல் அதைத் திறந்துவிட்டது. "நாங்கள் பயன்படுத்தவில்லையே" என்ற பேச்சு எடுபடவில்லை. அமெரிக்காவில் அந்த விளையாட்டின் தரத்தையே பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். திறந்தது வேறொருவர்தான். ஆனாலும் உள்ளே வைத்தவருக்கு அதில் பங்கே இல்லை என்று யாரும் விடவில்லை.

பிரால் கதைக்கும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அங்கே கைவிடப்பட்ட டாக்டர் மாரியோ 2014-ல் அடுத்த விளையாட்டில் வந்தார். மியூடூவும் ராயும் 2015-ல் வந்தார்கள். கைவிட்டது எல்லாம் செத்துப் போவதில்லை.

பெருங்காயம் தீர்ந்த பிறகும் டப்பாவில் வாசம் போகாது. சமய வகுப்பில் 'வாசனை' என்று படித்தோமே, பழைய எண்ணங்களும் செயல்களும் மனதில் விட்டுப்போகும் தடம், அதுவும் இதுதான். என் நண்பனின் அப்பாவைப் பற்றிய அந்த வரி ஒரே ராத்திரியில் எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே எனக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. வேலை இல்லாதவரை மட்டமாகப் பார்க்கும் ஒரு பார்வை எனக்குள் இருந்திருக்கிறது. அனுப்பாதது என் நல்ல முடிவு. ஆனால் அந்தப் பார்வையை அந்த முடிவு துடைத்துவிடவில்லை. அடுத்த கோபத்தில், அடுத்த ஆளிடம், அது வெளியே வரலாம்.

ஆகவே எனக்குக் கிடைத்த பதில் இரண்டு அளவுகோல். அடுத்தவரை எடைபோடும்போது, அவர் செய்ததையும் சொன்னதையும் வைத்துப் பார்ப்போம். அடக்கி வைத்ததைத் தோண்டித் தீர்ப்பு எழுத வேண்டாம். (யாருக்காவது ஆபத்து வரும் என்று தெரிந்தால் அது வேறு. அப்போது சும்மா இருக்கக் கூடாது.) நம்மை நாமே எடைபோடும்போது மட்டும் உள்ளே கிடப்பதையும் சேர்த்துப் பார்ப்போம். நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். அடுத்தவன் மனசுக்குள் நுழைந்து துருவுகிறோம். நம் விஷயம் என்று வந்தால், "நான் ஒன்னும் செய்யலையே" என்கிறோம்.

போன வாரம் அவனைத் தேடிப் போனேன். "அனுப்பலையே" என்று இந்த முறை சொல்லவில்லை. "அதை எழுதுனது நான்தான்டா. உங்க அப்பாவைப் பத்தி அப்படி நினைச்சது தப்பு. அனுப்பக் கூடாதுன்னு நினைச்சதும் நான்தான். ரெண்டையும் சேர்த்துப் பாரு," என்றேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு தே தாரிக் சொன்னான். முழுசாக மன்னித்துவிட்டானா என்று இன்னும் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் கைப்பேசியிலும் அனுப்பாத மெசேஜ் ஒன்று இருக்கலாம். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பாருங்கள். அது யாரைப் பற்றியது என்பதை விட, உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். அப்புறம் அழித்துவிடுங்கள்.