முன்வினையும் பால்புட்டியும்

மலாயாவின் பேராக் ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன்னே தாய் பால்மரம் வெட்டப் போய்விட, ஆயாக் கொட்டகையில் கிடந்த சிசு, ஈ மொய்த்த புட்டியில் நீர்க்கக் கரைத்த டின்பாலைக் குடித்து, பேதி கண்டு, கன்னம் ஒட்டி மெலிந்தபோது, அதனைப் பூர்வஜன்ம கர்மமென்று நொந்து ஈப்போ கல்லுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்ட பெற்றோரை நான் பரிகசிக்க மாட்டேன். வேறு துணை ஏது அவர்களுக்கு? ஆயினும் 1939-இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சிசுக்களுக்கு இனிப்பு டின்பாலைப் பரிந்துரைப்பது கொலைக்கு ஒப்பாகுமென்று பகிரங்கமாக உரைத்தாரே, அப்போதே வினை யாருடையது என்ற விசாரம் திசைமாறிவிட்டது. பால் கரைக்க நீரெடுத்த கிணற்றருகே கழிவுநீரைத் தேங்கவிட்டவன் வினையைப் பால்மணம் மாறாத குழந்தை அனுபவிப்பது எந்தத் தர்மம்? குழந்தைக்குப் பேதி கண்டால், நேர்த்திக்கடன் இருக்கட்டும், முதலில், கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.