உடைமையும் வலிமையும்

ஒருவரிடம் வயதைக் கேட்பது நம் பக்கத்தில் அத்தனை மரியாதையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அவர் இதுவரை வைத்திருந்த வண்டிகள் எவையென்று கேட்டால் மகிழ்ந்து சொல்வார். வயதும் தானே வெளிப்பட்டுவிடும். முதலில் ஒரு சைக்கிள். முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற பஜாஜ் சேத்தக். பழைய வண்டியாக வாங்கிய ஓர் அம்பாசடர். பிறகு மாருதி என்று ஒருவர் வரிசைப்படுத்தினால் அவர் அறுபதைக் கடந்தவர் என்று துணிந்து சொல்லலாம். அந்த வரிசையின் கடைசியில் இப்போதெல்லாம் ஒரு நான்கு சக்கர இயக்க வண்டி வந்து நிற்பதைக் காண்கிறோம். மார்த்தாண்டத்தில் 2018-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இரும்பு மேம்பாலத்தின் கீழே, நெரிசலில் நத்தைபோல் ஊர்ந்து செல்லும் வண்டிகளுக்கிடையே, தடித்த சக்கரங்களோடு உயர்ந்து நிற்கும் தார் வண்டிகளைப் பாருங்கள். அவற்றை ஓட்டுவோராக நம் கண்ணில் படுபவர்கள் பெரும்பாலும் இரு வகையினர்: இருபதுகளில் இருக்கும் இளைஞர், அல்லது தலை நரைத்த பெரியவர். நடுவயதினர் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் நடுவே சிறிய கார்களில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மலையேறவும் சேற்றைக் கடக்கவும் ஆக்கப்பட்ட ஒரு வலிமையை, மலையும் சேறும் இல்லாத சாலையில் வாழும் நாம் ஏன் விரும்புகிறோம்? விரும்பி வாங்கியபின் அந்த வலிமை யாருக்கு உரியது? நம் ஊர்த் தெருவில் எழும் கேள்வியாயினும் இது உடைமை பற்றிய பழைய கேள்வியே ஆகும்.

1950-இல் பிறந்த ஒருவரை மனத்தில் கொள்வோம். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் முதல் நாளில் அவருக்கு ஆறு வயது. அமெரிக்க இராணுவத்துக்காக 1941-இல் பெருமளவில் உருவாக்கத் தொடங்கிய ஜீப்பை மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் தயாரித்து வந்த காலம் அது. அந்நாளில் ஜீப் என்றால் அரசு அதிகாரியோ தோட்ட முதலாளியோ வருகிறார் என்று பொருள். சிறுவன் புழுதியில் நின்று பார்த்தான், அவ்வளவே. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அவருக்கு வயது 33. 1985-இல் ஜிப்சி வந்தது. இவருக்கு எட்டாத விலை. பொலேரோ வந்த 2000-இல் அவருக்கு 50. முதல் தார் வந்த 2010-இல் 60. புதிய வடிவில் தார் வந்த 2020 அக்டோபரில் 70. பத்து வயதில் பார்த்து ஏங்கிய பொருள் கைக்கு வர அறுபது ஆண்டுகள் ஆயின. ஆனால் கையில் பணம் வந்த நேரத்தில் முழங்கால் விடைபெற்றுக்கொண்டது. 2010-இன் தாரில் பின்னிருக்கைகள் எதிரெதிராக அமைந்திருந்தன. பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும். சேலை கட்டிய பாட்டி ஒருவர் அதில் ஏறி அமர்வதைப் பார்த்தவர்களுக்கு, இந்த வண்டியை வடித்தவர்கள் குடும்பத்தை மனத்தில் வைத்து வடிக்கவில்லை என்பது விளங்கியிருக்கும்.

சட்டமும் இதில் ஒரு விந்தையைச் செய்துவைத்திருக்கிறது. புதிதாக வாங்கும் சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் 55 வயதைக் கடந்தவருக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவச் சான்றும் வேண்டும். எழுபதில் வண்டி வாங்குபவரைவிட அவருடைய வண்டியின்மீது அரசுக்கு மும்மடங்கு நம்பிக்கை! அந்த வண்டி பதிவு முடிந்து மறுபரிசோதனைக்குச் செல்லும் நாளில் உரிமையாளருக்கு வயது 85.

2000-இல் பிறந்த பேரனின் கணக்கோ தலைகீழானது. தாத்தாவின் வரிசையில் கடைசியாக வந்த வண்டி அவனுடைய வரிசையில் முதலாவதாக இருக்கிறது. காத்திருத்தல் என்பதை அவன் அறியான். இதைக் கண்டு பெருமூச்சு விடுவதும், இக்கால இளைஞரின் பகட்டு என்று கண்டிப்பதும் எளிது. மேடைகளில் நாள்தோறும் கேட்கிறோம். நாம் அப்படிச் சொல்ல விரும்பவில்லை. பத்து வயதில் மறுக்கப்பட்டதை எழுபதில் அடைந்து மகிழும் முதியவரின் மகிழ்ச்சியில் குற்றம் காண்பவர் மனித மனத்தை அறியாதவர். பேரனின் ஆசையும் அதே ஆசைதான். பணம் முந்திக்கொண்டது என்பதே வேறுபாடு. ஆசையை விட்டுவிட்டு ஆசைப்பட்ட பொருளையே சற்று உற்றுப் பார்ப்போம்.

வழக்கமான வண்டி ஒன்றில் பொறியின் ஆற்றல் முன்னச்சுக்கோ பின்னச்சுக்கோ, ஏதேனும் ஒன்றுக்கு மட்டுமே போகிறது. ஆற்றல் பெறும் இரு சக்கரங்களில் ஒன்று சேற்றில் வழுக்கினால், ஆற்றல் முழுவதும் வழுக்கும் சக்கரத்தின் வழியே வீணாகும். பற்றுள்ள சக்கரம் அசையாது நிற்கும். நான்கு சக்கர இயக்கத்தில், ஓட்டுநர் அருகிலுள்ள இரண்டாவது கியர்க் கம்பியைத் தள்ளியதும் முன்னச்சும் பின்னச்சும் சேர்ந்து இழுக்கின்றன. அதிலேயே தாழ்நிலை ஒன்று உண்டு. அதில் வண்டி ஆமை வேகத்தில் செல்லும், ஆனால் இழுவிசை பெருகும். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்த வகை இயக்கத்தை உலர்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்தக் கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறுவேறு தொலைவைக் கடக்கின்றன. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலை வழுக்க விடாது. பற்சக்கரங்கள் முறுக்கேறி ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். நல்ல சாலையில் அந்த வலிமைக்கு வேலை இல்லை என்பது மட்டுமன்று, அங்கே அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆகவே களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் போய்வரும் உரிமையாளர் அந்தக் கம்பியைத் தொடாதிருப்பதே முறை. கூடுதல் எடையைச் சுமந்து, கூடுதல் எரிபொருளுக்குப் பணம் கட்டி, தொடக் கூடாத ஒன்றைத் தொடாமல் வைத்திருக்கிறார்.

சந்தை இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டது. 2023 ஜனவரியில் தார் வண்டி நான்கு சக்கர இயக்கம் நீக்கப்பட்டு, பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வகையாகக் குறைந்த விலைக்கு வந்தது. 2024-இல் வந்த ஐந்து கதவுத் தாரில் பெட்ரோல் வண்டிகளுக்கு நான்கு சக்கர இயக்கம் கிடையாது. டீசலில் மட்டுமே உண்டு. தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. வலிமை போய்விட்டது, வலிமையின் உருவம் எஞ்சியது. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. பயன்படாத ஒன்றுக்குப் பணம் கொடுக்காதவர் ஒருவகையில் நேர்மையாளர். எனினும், எத்தனை பேர் விரும்பியது உருவத்தை மட்டுமே என்ற உண்மையை இந்த விற்பனை வெளிச்சமிட்டுவிட்டது.

அந்த இரண்டாவது கம்பியை உண்மையில் அறிந்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள், இருக்கிறார்கள். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என விரியும் ரப்பர்த் தோட்டங்களின் செம்மண் பாதைகளில், மழையிலும் இருளிலும் ஜீப் ஓட்டிய ஓட்டுநர்களை நினைத்துப் பாருங்கள். சில பழைய ஜீப்புகளில் முன்சக்கரக் குடத்தில் உள்ள திருகியைக் கையால் திருப்பினாலன்றி முன்னச்சு இணையாது. ஆற்றல் வேண்டுமென்றால் ஓட்டுநர் முதலில் சேற்றில் இறங்கியாக வேண்டும். எந்த மேட்டில் எந்தக் கியர், எந்த ஓடையில் எத்தனை அடித் தண்ணீர்வரை போகலாம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் நீங்கள் வைத்திருந்த வண்டிகள் எவை என்று அவர்களைக் கேட்டால் பட்டியல் ஒரு சைக்கிளோடு முடிந்துபோகும். வளைகுடா நாடுகளில் இருபது, முப்பது ஆண்டுகள் பிறருக்கு ஓட்டுநராய் இருந்து திரும்பிய நம் ஊரார் எத்தனையோ பேர். லேண்ட் குரூசரையும் பேட்ரோலையும் பாலைமணலில் ஓட்டிய கைகள் அவை. அந்த வண்டிகளின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளையும் இங்கே எண்ணிக்கொள்ளலாம். அதில் நெருக்கியடித்து அமர்ந்து மலையேறும் பெண்கள் அந்த வண்டியை உடைமையாக ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அதனால் வாழ்ந்தவர்கள் அவர்களே.

ஆக, வைத்திருந்தவர் பட்டியல் ஒன்று, அறிந்தவர் பட்டியல் வேறொன்று, தேவைப்பட்டவர் பட்டியல் மூன்றாவது ஒன்று. மூன்றும் ஒரே பெயரில் சந்திப்பது அரிதாகிவிட்டது. நம்மைச் சங்கடப்படுத்த வேண்டியது இதுவே என்று நாம் கருதுகிறோம். ஒருவர் விலையுயர்ந்த வண்டி வாங்கினார் என்பதன்று.

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் உடைமையைப் பற்றி எண்ணியபோது இரண்டு செயல்களைப் பிரித்துக் காட்டினார். பொருளைத் தேடிக்கொள்வதும் நிர்வகிப்பதும் ஒன்று. அதில் தனியுடைமை நியாயமானது, தேவையானதும்கூட என்றார். பொதுவானதை எவரும் சரியாகப் பேணுவதில்லை, தனக்குரியதைப் பேணுவார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. அலுவலக வளாகங்களில் மரத்தடியில் துருப்பிடித்துச் செடி முளைத்து நிற்கும் அரசு ஜீப்புகளைப் பார்த்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். பயன்படுத்துவது இரண்டாவது செயல். பிறர் தேவையில் இருக்கும்போது எளிதில் பகிர்ந்துகொள்ளும் வகையில், பயன்பாட்டைப் பொறுத்தவரை பொருள்களைப் பொதுவானவையாகவே கருத வேண்டும் என்றார் அவர். எண்ணெய் மாற்றுவது என் கடமை. ஏனெனில் வண்டி எனது. ஆனால் அதன் வலிமை தேவைப்படும் இடத்தில் ஒருவர் தவிக்கும்போது வண்டி எனது என்ற சொல்லுக்கு அதே எடை இல்லை.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்ததை நாடே பேசியது. மலையேற்ற விளையாட்டுக்காக நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருந்த இளைஞர்களும் அந்த நாள்களில் தண்ணீரில் இறங்கினார்கள். உணவும் மருந்தும் சுமந்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நாம் துணியமாட்டோம். மீனவருக்குப் படகு அடுத்த நாள் சோறு. இளைஞருக்கு வண்டி ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஆயினும் வீண் என்று நாம் எண்ணிய பொழுதுபோக்கில் அவர்கள் கற்றுவைத்திருந்த திறன் அன்று பயன்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைச் சாய்த்தபோது நிலை வேறாக இருந்தது. ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாலைகளின் குறுக்கே விழுந்து கிடந்தன. எத்தனை சக்கரம் இழுத்தாலும் விழுந்த மரத்தின்மேல் வண்டி ஏறாது. அன்று வேண்டியிருந்தது அரமும் கோடரியும் பக்கத்து வீட்டாருமே. எல்லாத் துன்பத்துக்கும் ஜீப்பே மருந்து என்று நாம் சொல்லவில்லை.

புயல் இல்லாத நாள்களிலும் பாதை முடிந்துபோகும் இடங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணி மக்களின் குடியிருப்புகள் மலைக்குள் இருக்கின்றன. மழைக்காலத்தில் கர்ப்பிணி ஒருவரை அங்கிருந்து கீழே கொண்டுவருவது எத்தகையது என்பதை அங்கே பணியாற்றிய செவிலியரும் ஆசிரியரும் அறிவார்கள். இங்கே ஒரு மறுப்பு எழும்: அங்கே சாலை போடுவது அரசின் கடமை, தனியாரின் தயவில் அம்மக்கள் ஏன் வாழ வேண்டும்? மிகச் சரியான மறுப்பு. நீதியாகக் கிடைக்க வேண்டியதைத் தருமமாகக் கொடுத்துப் பெருமைப்படுவது அருவருப்பானது. சாலைக்காகக் குரல் கொடுப்பது நம் முதற்கடமை. ஆனால் சாலை வரும்வரை இரவுகள் வந்துகொண்டுதான் இருக்கும். பிரசவ வலி ஒப்பந்தப்புள்ளிக்காகக் காத்திருப்பதில்லை.

அறுபதைக் கடந்த உரிமையாளருக்கு அந்த இரவில் மலையேறும் உடல் இல்லை. இருபது வயதுக்காரனுக்கு உடல் இருக்கிறது. வழி தெரியாது, இரண்டாவது கம்பியை எப்போது தள்ள வேண்டும் என்பதும் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஓய்வுபெற்ற தோட்ட ஓட்டுநர். அவரிடம் வண்டி இல்லை. மூவரும் பெரும்பாலும் ஒரே பங்கில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரே கோவிலில் சில இருக்கைகள் தள்ளி அமர்கிறார்கள். பங்கின் இளைஞர் கூட்டத்துக்கு அந்த ஓட்டுநரை ஒருநாள் அழைத்து, மேடையில் பேசச் சொல்லாமல், குலசேகரத்துக்கு அப்பால் ஒரு செம்மண் ஏற்றத்துக்குத் தாத்தாவின் வண்டியிலேயே பேரனைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னால் என்ன? வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்குமுன் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதும் என்று அந்த ஓட்டுநர்களே சொல்வார்கள். ஆனால் கற்க வருபவன் வண்டியை விட்டுச் சேற்றில் இறங்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.