இரண்டு ஜேலன்கள்

2020 ஏப்ரல் 23, வியாழக்கிழமை இரவு. லாஸ் வேகஸில் மேடை போட்டு, கூட்டம் கூட்டி நடத்த வேண்டிய விழா கொரோனாவால் வீட்டுக்குள் முடங்கிவிட்டது. அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கின் தலைவர் ரோஜர் குடெல் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். 21ஆவது முறை பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு. ரசிகர்களில் பெரும்பகுதி காத்திருந்த பெயர் ஜஸ்டின் ஜெஃபர்சன். வந்த பெயர் ஜேலன் ரேகர். அடுத்த முறை மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு. ஈகிள்ஸ் எடுத்த பெயரைக் கேட்டதும் வைக்கிங்ஸ் தரப்பில் எழுந்த சிரிப்பும் ஆரவாரமும் பின்னால் வெளியான வீடியோவில் பதிவாகியிருக்கின்றன. அவர்கள் ஜெஃபர்சனை எடுத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. எறிபவர் குவார்ட்டர்பேக். தன்னை மறிக்கும் ஆளை ஏய்த்துவிட்டு ஓடி, பறந்து வரும் பந்தைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். அப்படி முன்னேறிய தூரத்தைக் கெஜத்தில் கணக்கு வைப்பார்கள்; எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன். கல்லூரியில் ஆடிய இளைஞர்களை 32 அணிகளும் வரிசைப்படி பங்கிட்டுக்கொள்வது டிராஃப்ட். ஐபிஎல் ஏலத்தில் பணம் பேசும்; இங்கே வரிசை பேசும். போன ஆண்டு படுமோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி முறை, இப்படி ஏழு சுற்று. எந்த ஊருக்குப் போவது என்பதில் ஆடப்போகிறவனுக்கே பேச்சில்லை. ரசிகனுக்கும்தான் இல்லை. ஆனால் அவன் பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த ஏற்பாட்டை யோசித்துச் சொன்னவரே பிலடெல்பியாக்காரர்தான். ஈகிள்ஸ் அணியின் அன்றைய உரிமையாளர் பெர்ட் பெல். 1936 பிப்ரவரியில் அதே ஊரின் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில்தான் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் முறையும் ஈகிள்ஸுக்கே. அவர்கள் தேர்ந்தெடுத்தது ஜே பெர்வாங்கர் என்ற கல்லூரி நட்சத்திரத்தை. அவர் இந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளம் படியவில்லை, வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். ஆக, ‘ஆளை மாற்றி எடுத்துவிட்டார்கள்’ என்ற புலம்பலுக்கும் டிராஃப்டுக்கும் ஒரே வயது.

2020இல் பிலடெல்பியாவின் கோபத்துக்கு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், 57ஆவது இடத்தில், ஜே.ஜே. அர்செகா வைட்சைட் என்ற ரிசீவரை எடுத்தார்கள். ஏழு இடம் தள்ளி சியாட்டில் அணி டி.கே. மெட்காஃபை எடுத்தது. அந்தப் பருவத்தில் ஈகிள்ஸின் ரிசீவர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழுந்தார்கள். குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் 4,000 கெஜத்துக்கு மேல் பந்தை எறிந்தும், அவருடைய ரிசீவர்களில் ஒருவர்கூட 500 கெஜம் தொடவில்லை. 2020 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டத்துக்கு சியாட்டில் பிலடெல்பியாவுக்கே வந்தது. எடுக்காமல் விட்ட அதே மெட்காஃப், விட்டவர்களின் மைதானத்தில், அவர்கள் கண்ணெதிரே 160 கெஜம் பிடித்து ஈகிள்ஸை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் புண் ஆறுவதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது.

ஜெஃபர்சன் கட்சியின் கையில் எண்கள் இருந்தன. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வென்ற 2019 பருவத்தில் அவர் பிடித்தது 111 பந்து, 1,540 கெஜம், 18 டச் டவுன். ரேகருக்கு அதே பருவத்தில் 43 பந்து, 611 கெஜம். இதற்கு மேல் என்ன பேச்சு என்று தோன்றும். ஆனால் ரேகர் கட்சியும் வெறும் வாய்ச்சவடால் கட்சி இல்லை. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஒழுங்காகப் பந்து எறிய ஆளில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் ஆயிரம் கெஜம் தாண்டியவர்தான். நின்ற இடத்திலிருந்து 42 அங்குலம் எம்புவார். அப்பா மான்டே ரேகரும் இந்த லீக்கில் ஆடியவர், ஒரு பருவம் ஈகிள்ஸிலேயே. ஜெஃபர்சனோ 2019 பருவத்தில் பெரும்பாலும் களத்தின் உட்பக்கம் நின்று ஆடியவர். எறிந்தவர் ஜோ பர்ரோ மாதிரியான ஒரு அசகாயசூரர். ஓரத்தில் தனியாக நின்று, முரட்டு ஆட்களைத் தாண்டி ஓடுவாரா? அன்றைக்கு இது நியாயமான கேள்வி. இன்று அதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது என்றால், விடை தெரிந்துவிட்டது என்பதைத் தவிர அதற்குக் காரணமில்லை.

ரிசீவரை முன்கூட்டி எடைபோடுவது ஏன் இவ்வளவு கடினம்? அளக்க முடிந்ததையெல்லாம் அளக்கிறார்கள். நாற்பது கெஜ ஓட்டம், எம்பும் உயரம், உள்ளங்கையின் அகலம்கூட. 2017இல் ஜான் ராஸ் 4.22 நொடியில் ஓடி அன்றைய சாதனையை உடைத்தார். சின்சினாட்டி அவரை 9ஆவது ஆளாக எடுத்தது. இந்த லீக்கில் அவர் ஆடிய பருவங்களையெல்லாம் கூட்டினாலும் ஆயிரம் கெஜம் தேறவில்லை. மறுபக்கம் ஜெர்ரி ரைஸ். மிசிசிப்பியின் ஒரு சின்னக் கல்லூரிக்காரர். வேகம் போதாது என்று பெயர் வாங்கியவர். 1985இல் அவருக்கு முன்பே இரண்டு ரிசீவர்கள் எடுக்கப்பட்டுவிட்டார்கள். கொத்தனாரான அப்பாவோடு வேலைக்குப் போய், கீழிருந்து அண்ணன் தம்பிகள் வீசும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்து வளர்ந்த கைகள் அவை. ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 22,895 கெஜம். இன்றுவரை யாரும் கிட்டே போகவில்லை. செங்கல் பிடித்த கைக்கு மதிப்பெண் போட எந்தத் தேர்வுத் தாளிலும் கட்டம் கிடையாது.

பிறகு நடந்ததை ஊரறியும். ஜெஃபர்சன் முதல் பருவத்திலேயே 1,400 கெஜம். 2022இல் 1,809 கெஜம், லீக்கின் சிறந்த தாக்குதல் வீரர் விருது. அந்த நவம்பரில் பஃபலோவில் ஆட்டம் கைநழுவும் நேரம், நான்காவதும் கடைசியுமான முயற்சி, 18 கெஜம் வேண்டும். உயரமாக வந்த பந்துக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து எம்பி, ஒற்றைக் கையால் பற்றினார். மறித்தவரின் இரண்டு கைகளும் பந்தின்மேல் இருந்தும், தரையில் விழும்போது அது ஜெஃபர்சனிடம் இருந்தது. ரேகருக்கும் ஒரு நவம்பர் உண்டு. 2021இல் நியூயார்க் ஜயன்ட்ஸோடு ஆட்டம், ஈகிள்ஸ் 7க்கு 13 என்று பின்தங்கியிருக்கிறது, கடைசி நிமிடம். வெற்றியைத் தரக்கூடிய பந்து இருமுறை அவர் கைக்கு வந்தது. இருமுறையும் தங்கவில்லை. 2022 ஆகஸ்ட் முடிவில் ஈகிள்ஸ் அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டது. எந்த அணிக்கு? வைக்கிங்ஸுக்கு! கதையாக எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று வாரத்தில் ஜெஃபர்சனும் ரேகரும் ஒரே நிறச் சட்டையில் பிலடெல்பியா வந்து இறங்கினார்கள். அன்று ஈகிள்ஸின் தடுப்பாளர் டேரியஸ் ஸ்லே ஜெஃபர்சனை 48 கெஜத்தோடு கட்டிப்போட, 24க்கு 7 என்று ஈகிள்ஸ் வென்றது. அதனால் வாதம் ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை.

இதுவரை படித்தவர்களுக்கு ரசிகன்தான் விவரம் தெரிந்தவன், ஈகிள்ஸின் மேலாளர் ஹோவி ரோஸ்மன் தடுமாறியவர் என்று தோன்றியிருக்கும். அங்கே நிறுத்தினால் கதை வசதியாக இருக்கும். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்கிறது.

இரண்டாம் சுற்று. 53ஆவது இடத்தில் ஈகிள்ஸ் எடுத்தது ஒரு குவார்ட்டர்பேக்கை: இன்னொரு ஜேலன், ஜேலன் ஹர்ட்ஸ். ஊர் கொதித்தெழுந்தது. பத்து மாதம் முன்புதான் வென்ட்ஸுக்கு நான்காண்டு நீட்டிப்பாக 12.8 கோடி டாலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சட்டையில்லாதவன் தலைப்பாகை வாங்கப் போன கதையாக, இருக்கிற குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் உட்கார வைக்க இன்னொருவரா என்று கேட்டார்கள். ரேகர் விஷயத்திலாவது இரண்டு கட்சி இருந்தது. ஹர்ட்ஸ் விஷயத்தில் எதிர்ப்பு ஏறக்குறைய ஒருமித்த குரல். அந்த ஆண்டு முடிவதற்குள் வென்ட்ஸ் சறுக்கி ஹர்ட்ஸ் களம் இறங்கினார். 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் கான்சஸ் சிட்டியை 40க்கு 22 என்று வீழ்த்திய இறுதிப்போட்டியின் ஆட்டநாயகன் அவர்.

ஒரே வாரம், ஒரே ஊர், அதே மனிதர்கள், அதே கோபம். வியாழக்கிழமைக் கோபம் பலித்தது, வெள்ளிக்கிழமைக் கோபம் பொய்த்தது. இரண்டு கோபங்களுக்கும் உள்ளுக்குள் ஏதாவது வித்தியாசம் இருந்திருக்குமா? வியாழக்கிழமை மேசையைக் குத்தியவனுக்குத் தெரிந்த உறுதியைவிட வெள்ளிக்கிழமை குத்தியவனுக்கு ஒரு மாற்றுக் குறைவாகவா தெரிந்திருக்கும்? எனக்கென்னவோ வெள்ளிக்கிழமைதான் கூடுதல் உறுதி இருந்ததாகப் படுகிறது. நாம் சரியாக இருக்கும்போது நெஞ்சில் எழும் நிச்சயமும், தவறாக இருக்கும்போது எழும் நிச்சயமும் அச்சு அசல் ஒன்றுதான். உரைத்துப் பார்க்க உள்ளே ஒரு கல்லும் கிடையாது. காலம் வந்து பிரித்துக் காட்டிய பிறகு, பலித்ததை மட்டும் ‘அன்றைக்கே சொன்னேன்’ என்று எடுத்து வைத்துக்கொள்கிறோம். பொய்த்தது எங்கே போகிறதென்று யாரும் தேடுவதில்லை. ரேகரைப் பற்றி அன்றைக்கே சொன்னவர்கள் பிலடெல்பியாவில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஹர்ட்ஸ் வேண்டாம் என்று சொன்ன ஒருவரை இன்று தேடிப்பிடியுங்கள் பார்க்கலாம்.

மேலாளர்கள் மட்டும் விதிவிலக்கா? கேட் மாசியும், பின்னால் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் டிராஃப்ட் முடிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே வகை ஆட்டக்காரர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆட எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தால், நாணயத்தைச் சுண்டிவிடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆளனுப்பிப் பார்த்து, படம் போட்டு அலசி, அங்குலம் அங்குலமாக அளந்து கண்ட பலன் இது. அதையும் அவர்கள் கைநடுங்காமல் அறிவிக்கிறார்கள். நடுங்கினால் வேலை இருக்காது.

பிலடெல்பியாவுக்கு இந்தப் பாடம் வந்தது இது முதல்முறையும் இல்லை. 1999இல் வானொலித் தொகுப்பாளர் ஏஞ்சலோ கட்டால்டி முப்பது ரசிகர்களைப் பேருந்தில் ஏற்றி, டிராஃப்ட் நடந்த நியூயார்க்குக்கு அனுப்பினார். ரிக்கி வில்லியம்ஸ் என்ற கல்லூரி ஆட்டக்காரர்தான் வேண்டும் என்பது கோரிக்கை. நகர மேயர் எட் ரெண்டலே அந்தக் கட்சி. மேடைக்கு வந்ததோ டோனவன் மெக்நாப். வாழ்நாளின் பெரிய நாளில், கோட்டு சூட்டோடு நின்ற அந்த இளைஞனைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அவர் பிறகு ஈகிள்ஸை ஐந்து முறை அரையிறுதிக்கும் ஒருமுறை இறுதிக்கும் அழைத்துப் போனார். இதை அறியாத ஈகிள்ஸ் ரசிகர் இல்லை. 21 ஆண்டு கழித்து ஹர்ட்ஸைக் கரித்துக் கொட்டியவர்களும் அறிந்தவர்கள்தான். பழைய தவறு தெரிந்திருப்பது புதிய நிச்சயத்தை ஒரு இம்மியும் குறைப்பதில்லை. இதற்காக ரசிகர்களை நான் நொந்துகொள்ள மாட்டேன். ஓட்டு இல்லாதவனுக்குக் குரல்தான் பங்கு. சந்தேகத்தோடு கத்த யாராலும் முடியாது. நொந்துகொள்ள வேண்டியிருந்தால் அது 21 வயது ரேகருக்காக. அவர் ஜெஃபர்சனோடு ஒரு பந்துக்கும் போட்டி போட்டதில்லை. முன்னும் பின்னுமாக இரண்டு பெயர்கள் படிக்கப்பட்டன. அதிலிருந்து ஒருவரின் ஒவ்வொரு கெஜமும் மற்றவர் தலையில் கடனாக ஏறிக்கொண்டே போகிறது.

ஜெஃபர்சனையே எடுத்திருந்தால்? 2021இல் பரம வைரியான டல்லஸோடு பேரம் பேசி 10ஆவது இடத்துக்கு ஏறி, 166 பவுண்டு எடையுள்ள ஒல்லிப்பிச்சான் டெவோண்டா ஸ்மித்தை எடுக்கத் தேவை வந்திருக்குமா? 2022இல் ஏ.ஜே. பிரவுனை டென்னசியிலிருந்து வாங்கியிருப்பார்களா? நியூ ஆர்லியன்ஸில் ஹர்ட்ஸ் எறிந்த 46 கெஜப் பந்தைப் பிடித்து ஓடியவர் ஸ்மித். வேண்டாம் என்று கத்தப்பட்டவர் எறிந்தார். ரேகர் தவறிப்போனதால் வந்தவர் பிடித்தார். இதைச் சொல்லிப் பாருங்கள், உண்மையான பிலடெல்பியாக்காரர் மசிய மாட்டார். ஜெஃபர்சனும் இருந்திருந்தால், 2023 இறுதிப்போட்டியில் 35க்கு 38 என்று மூன்றே புள்ளியில் கான்சஸ் சிட்டியிடம் விட்ட கோப்பையும் சேர்த்து இரண்டாக வந்திருக்கும் என்பார். மறுக்க என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. அவரிடமும் இல்லை, ஆனால் அவர் சத்தமாகச் சொல்வார்.