ஆளும் சின்னமும்

‘கட்சியைப் பார்க்காதே, ஆளைப் பார்த்து ஓட்டுப் போடு’ என்பது படித்தவர்களிடையே ஏறக்குறைய ஒரு நீதிவாக்கியமாகிவிட்டது. இதைச் சொல்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கட்சிகளின் அழுக்கில் தமக்குப் பங்கில்லை என்று ஆகிவிடுகிறது. எழுதுகிறவர்களான நம்மிடம் இதற்குச் செல்வாக்கு இன்னும் அதிகம். கும்பலுக்கு எதிரே தனிமனிதனை நிறுத்தி எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவது நம் பழக்கம். இந்தத் தலையாட்டலைக் கொஞ்சம் பரிசீலிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1967 பிப்ரவரியில் விருதுநகர்த் தொகுதியில் காமராஜ் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்த தி.மு.க.வின் பெ. சீனிவாசன் மாணவர் தலைவராக மட்டுமே அறியப்பட்டிருந்தவர். தமிழனின் நன்றிகெட்டதனத்துக்கு இந்தத் தோல்வியை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். பள்ளிக்கூடங்களைத் திறந்தவர், மதிய உணவு போட்டவர், 1963ல் முதலமைச்சர் பதவியைத் தாமாகவே விட்டு இறங்கியவர். அவரைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பான்?

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஊர் வாக்காளன் முன்னால் வேறொரு கேள்வியும் இருந்தது. அரிசித் தட்டுப்பாடு இருந்தது. 1965 மொழிப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகளின் நினைவு இருந்தது. ஆண்டது காங்கிரஸ், காமராஜ் அந்தக் காங்கிரசின் அகில இந்தியத் தலைவர். அவருடைய நேர்மைக்கென்று போடுகிற ஓட்டு, சட்டசபையில் அந்த ஆட்சிக்கு ஆதரவாகத் தூக்கப்படும் கையாகத்தான் எண்ணப்படும். எதிர்த்து ஓட்டளித்த எல்லோரும் இப்படி யோசித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படி யோசித்த ஒருவனை நன்றிகெட்டவன் என்று சொல்ல முடியாது என்கிறேன். 1969 ஜனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அதே காமராஜ் ஜெயித்தார். இரண்டு வருஷத்தில் மனிதர் மாறிவிடவில்லை. மாநில ஆட்சி அந்த ஓட்டில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

‘ஆளைப் பார்ப்பது’ என்றால் என்ன என்பதும் அவ்வளவு தெளிவாக இல்லை. லட்சக்கணக்கான வாக்காளர்கள் உள்ள தொகுதியில் வேட்பாளரை ஆளாக அறிந்தவர்கள் எத்தனை பேர்? வங்கி ஊழியன் என்பதால் தேர்தல்தோறும் வாக்குச்சாவடி வேலைக்கு அனுப்பப்படுகிறவன் நான். 2015லிருந்து வேட்பாளரின் புகைப்படத்தையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். ஆனாலும் விரலில் மை வாங்கிக்கொண்டு மறைப்பை நோக்கிப் போகிற வயதான பெண்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவது சின்னத்தின் பெயரைத்தான். அதற்காக அதட்டும் வாங்குவார்கள். இதை அறியாமை என்று நான் நினைக்கவில்லை. தெரியாத ஆளைவிடத் தெரிந்த சின்னம் மேல் என்பது ஒரு விவேகம். மாறாக, ‘நல்ல ஆள்’ என்று பேச்சளவில் ஆரம்பிப்பது தெருவுக்கு வந்து சேரும்போது ‘நம்ம ஆள்’ ஆகிவிடுகிறது. அதற்கு அர்த்தம் சாதி என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கிலீஷ் பாடத்தில் எட்மண்ட் பர்க்கைப் படித்தவர்களுக்கு அவர் 1774ல் பிரிஸ்டல் வாக்காளர்கள் முன் வைத்த வாதம் நினைவிருக்கலாம். பிரதிநிதி தொகுதியின் கட்டளையை நிறைவேற்றும் ஏவலாள் அல்ல, சொந்த அறிவைக் கொண்டு முடிவெடுக்க வேண்டியவன் என்றார். 1780ல் அந்தத் தொகுதி அவரைக் கைவிட்டது. ஆனால் 1770லேயே கட்சிக்காகப் பரிந்து எழுதியவரும் இதே பர்க்தான். நல்லவர்கள் தனித்தனியே நின்று பயனில்லை, ஒரு கொள்கையின்மேல் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டையும் ஒரே மனிதர் சொல்ல முடிந்ததில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சேர்வதற்கும் ஒரு மனம் வேண்டும், பிரிவதற்கும் அதே மனம்தான் வேண்டும்.

நம் அரசியல் சட்டத்தில் முதலில் கட்சி என்ற பேச்சே இல்லை. 1967ல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் பதினைந்தே நாளில் மூன்று முறை கட்சி மாறினார். அந்த மாதிரி வியாபாரத்தைத் தடுக்கத்தான் 1985ல் 52ஆவது திருத்தத்தின் மூலம் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதன்படி கட்சிக் கட்டளையை மீறி ஓட்டளிக்கும் அல்லது ஓட்டளிக்காமல் இருக்கும் உறுப்பினன், கட்சி அதைப் பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி இழக்க நேரும். விலைபோகிறவனுக்கும் மனசாட்சிக்காரனுக்கும் ஒரே தண்டனை. ஆகவே நாம் தேடிப் பிடித்து அனுப்புகிற நல்லவனும் கொறடா சொன்னபடி கை தூக்க வேண்டியவனே. பிறகு ஆளை ஏன் பார்க்க வேண்டும்?

பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். சட்டம் மறுப்பைத் தடுக்கவில்லை, அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறது. விலை, பதவி. எந்த விஷயத்துக்காக இவன் அந்த விலையைக் கொடுப்பான் என்பதுதான் வேட்பாளனைப் பற்றிய ஒரே தார்மிகக் கேள்வி. வீட்டில் நல்ல தகப்பன், கைச் சுத்தம், எளிமை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இங்கேதான் வாக்காளனின் விசுவாசம் பிரச்னையாகிறது. மறுத்துப் பதவி இழந்தவன் இடைத்தேர்தலில் மீண்டும் நிற்கலாம். அவன் ஏன் மறுத்தான் என்று கேளாமல் பழைய சின்னத்திலேயே விரல் வைக்கிற தொகுதியில் எவனும் மறுக்கத் துணிய மாட்டான். அப்படிப்பட்ட தொகுதிக்குக் கட்சியும் யாரை வேண்டுமானாலும் அனுப்பும். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன், பிறகு தொகையைப் பற்றி முறையிட முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கர்நாடகத்தில் 2019ல் 17 உறுப்பினர்கள் தகுதி இழந்தார்கள். அவர்களில் பலர் அதே டிசம்பரில் எதிர்க்கட்சியின் சின்னத்தில் நின்று மறுபடியும் ஜெயித்தார்கள். ஆளைப் பார்த்துப் போட்ட ஓட்டு என்று இதையும் சொல்லலாம். காரணம் கேளாமல் சின்னத்தோடு ஒட்டிக்கொள்வதும், காரணம் கேளாமல் ஆளோடு போவதும் ஒரே குணம்.

கட்சிக்கு ஓட்டுப் போடுவது வேறு, கட்சிக்காரனாக ஓட்டுப் போடுவது வேறு. முதலாவது ஒரு தீர்ப்பு. அடுத்த முறை அது மாறலாம். இரண்டாவது, தகப்பனிடமிருந்து வந்த சொத்து மாதிரி. நம் பத்திரிகைகளில் எந்தக் குழுவைச் சேர்ந்தவன் என்று பார்த்துவிட்டுக் கவிதையைப் படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம், உன் கட்சியோடு எந்த இடத்தில் நின்றுவிடுவாய் என்று கேட்கலாம். கேட்பதற்கு முன்னால், நாம் எந்த இடத்தில் நின்றுவிடுவோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.